பெரிய புராணத்திலேயே இல்லாத வேதியர்! நந்தன் கதையை மாற்றியவருக்கு இவ்வளவு புகழ் தகுமா?

(காட்சி: திருப்புன்கூர் கோயில், நந்தி)

வணக்கம். வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டர் வந்தால் திருப்புன்கூர். இந்த நந்தியைக் கொஞ்சம் பாருங்கள். சந்நிதிக்கு நேரே இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருக்கிறது. காரணம் டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாழ்ந்த சாதி என்று கோயிலுக்குள் விடப்படாத சிவபக்தர் நந்தனார் வெளியே நின்று கும்பிட்டார், நந்தி மறைத்தது, சிவன் விலகச் சொன்னார்.

சரி, அந்த நந்தனைச் சிதம்பரம் போகவிடாமல் தடுத்தது யார்? "பண்ணைக்காரர், அந்த வேதியர்" என்பீர்கள். பெரிய புராணத்தைப் புரட்டிப் பாருங்கள், அப்படி ஓர் ஆளே கிடையாது! சேக்கிழார் பாடிய நந்தனார் ஆதனூரில் ஊர்ப்பணி செய்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அந்தப் பணிக்காக ஊர் விட்ட மானிய நிலத்தில் சாப்பிட்டவர். அவருக்கு மேலே முதலாளி என்று யாரும் இல்லை.

வேதியரை உருவாக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 'நந்தனார் சரித்திரம்' எழுதியவர். மூலக்கதையை இப்படி மாற்றிய ஒருவரை நாடகக் கவி என்று நாம் கொண்டாடுவது நியாயமா? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாக முடித்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டுக்காரர். பிறந்தது நாகப்பட்டினம் பக்கம் நரிமணம். முடிகொண்டானில் வளர்ந்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுநாள் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் இவரிடம் கொஞ்ச காலம் பாட்டுக் கற்றுக்கொண்டார்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் பாட்டு, கேட்டு நடந்தார். பிள்ளை இழுத்தடித்தார். அதற்கு இரண்டு காரணங்கள். பாட்டில் இலக்கணப் பிழை இருக்கிறது, கதை பெரிய புராணத்தோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஒருநாள் பாரதியார் பாடுவதைக் கேட்டு மனம் இளகி எழுதிக் கொடுத்தார் என்று உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார்.

பிள்ளை கண்டுபிடித்த அந்த இரண்டு குற்றங்களும் இருப்பவைதான். ஆனால் நாடகம் உயிரோடு இருப்பதற்கே அவைதான் காரணம் என்கிறேன் நான்.

மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். இதே நந்தியைப் பார்த்துச் சிவன் சொல்லும் வரி: "சற்றே விலகியிரும் பிள்ளாய், சந்நிதானம் மறைக்குதாமே." அந்த 'மறைக்குதாமே'யை மட்டும் தனியாக எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மறைக்கின்றது' என்று எழுதியிருந்தால் புலவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். 'மறைக்குது' என்பது நம் வீட்டுப் பேச்சு. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'ஆம்' இருக்கிறதே, அங்கேதான் நாடகம். மறைக்கிறது என்று சிவன் தானாகச் சொல்லவில்லை. 'மறைக்குதாம், வெளியில் நிற்பவர் சொல்கிறார்' என்கிறார். சேரியிலிருந்து வந்து வாசலுக்கு வெளியே நிற்கும் ஒரு கூலியாளின் முறையீட்டைச் சாமி தன் வாயால் எடுத்துச் சொல்கிறார்! அதுவும் அதட்டி இல்லை. 'விலகு' இல்லை, 'விலகியிரும்'. மாட்டுக்கே மரியாதை.

எங்கள் அப்பாயி கொல்லையில் பசு வழியை அடைத்துப் படுத்திருந்தால் இந்த வரியைப் பாடித்தான் எழுப்புவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலக்கணம் பார்த்து எழுதிய எத்தனை நூல் அந்தக் கொல்லை வரை வந்தது, சொல்லுங்கள்?

இப்போது வேதியர். சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம் அவர் சொல்கிறார்: நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ.

நாற்பது வேலி எவ்வளவு என்று கணக்குப் போட்டபோது அசந்துவிட்டேன். ஒரு வேலிக்கு இருபது மா. மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். நாற்பது வேலி என்றால் 800 மா, சுமார் 266 ஏக்கர். மற்ற வேலையை விடுங்கள், அறுப்பை மட்டும் பார்ப்போம். இன்றைக்குச் செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரத்தை இறக்கினாலும் ஏக்கருக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். நிறுத்தாமல் ராப்பகலாக ஓட்டினால் பதினோரு நாள். அதை ஒரு மனிதன் தலையில் கட்டுகிறார் ஆண்டை. முடியாது என்று தெரிந்தே கொடுக்கிற உத்தரவு அது. 'போகாதே' என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகவே பழக்கம். விடிந்து பார்த்தால் சிவன் அருளால் வேலை முடிந்திருக்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

காலத்தைக் கவனியுங்கள். அடிமை முறைக்குச் சட்டம் தந்த ஆதரவைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு விலக்கிக்கொண்டது 1843-இல். இந்த நாடகம் அச்சேறியது 1860-களின் தொடக்கத்தில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில். பாரதியார் தஞ்சாவூர்ப் பண்ணையைக் கண்ணால் பார்த்தவர். பிறப்பால் பிராமணர். கதையில் இல்லாத ஒரு பிராமணப் பண்ணைக்காரரைக் கொண்டுவந்து, கடைசியில் பண்ணையாளின் காலில் விழவைத்தார். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இவர் பெரிய நாடகாசிரியர்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வேதியர் நந்தனை ஏசும் புகழ்பெற்ற பாட்டு, '... உனக்கு மார்கழித் திருநாளா?' என்று முடியும். முதல் பாதியை நான் சொல்லப் போவதில்லை, அது காயப்படுத்துகிற வசவு. அந்த மெட்டை எடுத்துத்தான் சுப்பிரமணிய பாரதி எழுதினார்: "தொண்டு செய்யும் அடிமை, உனக்குச் சுதந்திர நினைவோடா?" அங்கே பாடுவது சுயராஜ்யம் கேட்ட இந்தியனைப் பார்த்து ஓர் ஆங்கிலேய அதிகாரி! வேதியர் இருந்த இடத்தில் வெள்ளைக்காரன், நந்தன் இருந்த இடத்தில் நாம் எல்லோரும். மெட்டைக் கேட்ட உடனே யார் ஆண்டை, யார் ஆள் என்று ஜனங்களுக்குப் புரிந்தது என்றால், அந்தப் பாத்திரம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

சினிமாவும் இதை விடவில்லை. 1935-இல் நந்தனாராக நடிக்கக் கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். வேதியர், மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

குறையே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சிதம்பரத்தில் நந்தனார் தீயில் இறங்கிய பிறகுதான் உள்ளே போக முடிகிறது. சேக்கிழாரிடம் இருந்த அந்தத் தீயைப் பாரதியார் அப்படியே வைத்துக்கொண்டார். வேதியரையே உண்டாக்கத் துணிந்தவர் அந்தத் தீயை அணைக்கத் துணியவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆனாலும் கேள்விக்கு என் பதில், தகும். நூற்றுக்கு நூறு தகும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கமெண்டில் எழுதுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். மாயவரம், சீர்காழி, கும்பகோணம் பக்கத்து ஊர்களில் நந்தன் கதாகாலட்சேபம் கேட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். பாட்டு முழுதாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை. வேதியர் வரும் கட்டத்தை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.