ஹூராக் வழங்கும் நிகழ்ச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் நாடக உலகில் காண்ட்ராக்டர் என்று ஒருவர் இருப்பார். கலைஞருக்கு முன்பணம் கொடுத்து, கொட்டகை பிடித்து, நோட்டீஸ் அடிப்பார். கூட்டம் வராவிட்டால் நஷ்டம் அவர் தலையில். மேற்கத்திய இசையிலும் பாலே நடனத்திலும் இந்த வேலையைச் செய்பவருக்கு இம்ப்ரசாரியோ என்று பெயர். அமெரிக்காவில் அப்படிக் கொடிகட்டிப் பறந்தவர் சால் ஹூராக்.

ரஷ்யாவின் போகர் என்ற சிற்றூரிலிருந்து 1906-ல் அமெரிக்கா வந்தவர். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். அப்புறம் தொழிலாளர் சங்கங்களுக்காகக் கச்சேரி ஏற்பாடு செய்யத் தொடங்கினார். 1916-ல் நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கில், யானைகளும் வித்தைக்காரர்களும் வந்துபோகும் அதே மேடையில் ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா ஆடினார். ஹூராக் இரவுக்கு இரவு போய்ப் பார்த்தார். சில ஆண்டுகளில் அந்த பாவ்லோவாவையே ஊர் ஊராக அழைத்துச் சென்றார்.

எல்லாம் லாபமில்லை. 1922-ல் நடனக் கலைஞர் இசடோரா டங்கனை வரவழைத்தார். அவர் பாஸ்டன் மேடையில், கம்யூனிஸ்டுகளின் நிறமான சிவப்புத் துணியை வீசிப் பேச, மேயர் தடையே போட்டுவிட்டார். காண்ட்ராக்டர் என்ன செய்வார், பாவம்! ஆனாலும் மனிதர் அடங்கவில்லை. 1932 கடைசியில் இந்திய நடனக் கலைஞர் உதயசங்கரின் குழுவை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். அந்தக் குழுவில் 12 வயதுப் பையனாக ரவிசங்கரும் இருந்தார்.

என்னைக் கேட்டால், ஹூராக் யார் என்பதைக் காட்டியது அமெரிக்கப் பாடகி மரியன் ஆண்டர்சன் விஷயம்தான். பாரிஸில் அவர் பாடக் கேட்டு, அங்கேயே ஒப்பந்தம் பேசியவர் ஹூராக். 1939-ல் வாஷிங்டனில் கச்சேரி வைக்க கான்ஸ்டிடியூஷன் ஹாலைக் கேட்டார். பாடகி கறுப்பினப் பெண் என்பதால் இடம் இல்லை என்றார்கள். வேறொருவராக இருந்தால் அடுத்த ஊருக்கு டிக்கெட் அடித்திருப்பார். இவர் செய்தியைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோனார். ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், அரங்கை வைத்திருந்த அமைப்பிலிருந்தே விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. நல்ல குளிர். லிங்கன் நினைவிடத்தின் படிகளில், ரோமக் கோட்டோடு நின்று பாடினார் ஆண்டர்சன். எதிரே சுமார் 75,000 பேர். வானொலியில் கேட்டவர்கள் தனி. டிக்கெட்டே கிடையாது!

பனிப்போர் காலத்தில், 1959-ல், மாஸ்கோவின் போல்ஷோய் பாலே குழுவை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தவரும் இவரே. அந்தக் குழுவின் நட்சத்திரம், 49 வயது உலனோவா, ‘ரோமியோ ஜூலியட்’ பாலேயில் ஜூலியட்டாக ஆடினார்.

1974 மார்ச் 5 அன்று ஒரு வங்கியாளரைச் சந்திக்கப் போன இடத்தில் மாரடைப்பு. இறுதி அஞ்சலி கார்னகி ஹாலில் நடந்தது. அங்கே மேடையேறி அவரைப் பற்றிப் பேசியவர் மரியன் ஆண்டர்சன்.