கட்டடத்துக்கு விருது: எப்போது, யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடக் கலைக்கும் நகர வடிவமைப்புக்கும் வழங்கப்படும் விருதுகளைப் பற்றிப் பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் வீடுகளையும் பள்ளிகளையும் வடிவமைத்துவரும் கட்டடக் கலைஞன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. மக்கள் சில கோடைகளையும் சில மழைக்காலங்களையும் ஒரு கட்டடத்துக்குள் கழித்த பிறகுதான் அதற்கு விருது தர வேண்டும். அந்த மேடைக்கு அதைக் கட்டிய மேஸ்திரியையும் அழைக்க வேண்டும்.

இன்று பெரும்பாலான விருதுகளுக்கு வரைபடங்களையும் நிழற்படங்களையும் அனுப்பினால் போதும். பல இடங்களில் நுழைவுக் கட்டணமும் உண்டு. நிழற்படம் எடுக்கப்படுவதோ வண்ணப்பூச்சு காய்ந்த கையோடு, ஆட்கள் குடிவருவதற்கு முன்பு, மாலை வெயில் சாயும் நேரத்தில். மேற்குச் சுவர் பிற்பகல் இரண்டு மணிக்கு எப்படிக் கொதிக்கிறது, ஐப்பசி மழையில் தளம் எங்கே ஒழுகுகிறது, கழிப்பறைக்குப் போகும் நடையில் சக்கர நாற்காலி திரும்புமா என்பதையெல்லாம் அந்தப் படம் காட்டாது. நடுவர்கள் நேர்மையானவர்களாகவே இருந்தாலும் அவர்கள் முன்னால் இருப்பது படம் மட்டுமே.

இதற்கு மாற்றான முறை ஒன்று நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. 1977ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆகா கான் கட்டடக் கலை விருது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது; அதன் பரிசுத் தொகை பத்து லட்சம் அமெரிக்க டாலர். இறுதிப் பட்டியலுக்கு வரும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வல்லுநரை அனுப்பி, அங்கே வாழ்வோரிடமும் வேலை செய்வோரிடமும் பேச வைத்து, அவர் தரும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே நடுவர்கள் முடிவெடுக்கிறார்கள். வடிவமைத்தவரோடு, கட்டச் சொன்னவர், பொறியாளர், கைவினைஞர் ஆகியோரும் பரிசுக்கு உரியவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த விருதில் மிகவும் பிடித்த பகுதி.

இந்தூர் நகரின் ஆரண்யா குடியிருப்பு 1995இல் இந்த விருதைப் பெற்றது. அதை வடிவமைத்த பாலகிருஷ்ண தோஷி, ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீட்டையும் கட்டி ஒப்படைக்கவில்லை. சிறு மனை, அடித்தளம், தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் அடங்கிய ஒரு பகுதி, வசதிக்கேற்ப ஓர் அறை ஆகியவற்றைத் தந்து, மற்றதைக் குடும்பம் கையில் பணம் சேரச் சேரத் தானே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். மாதிரிக்காக அவர் கட்டிக் காட்டியவை 80 வீடுகள். வாசல் படி, திண்ணை, மாடிப்படி, பால்கனி ஆகியவற்றை எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்பதற்கு அவை வழிகாட்டின. குடியேறியவர்கள் பிற்பாடு கட்டிச் சேர்த்தவைதான் அந்தத் தெருக்களின் அழகு. திறப்பு விழா நாளில் எடுத்த படத்தைப் பார்த்து இதற்கு யாரும் விருது தந்திருக்க முடியாது. கட்டடக் கலைஞரின் வாழ்நாள் பணிக்காக 1979 முதல் வழங்கப்பட்டுவரும் பிரிட்ஸ்கர் பரிசு 2018இல் அதே தோஷிக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

நம்மைப் போலவே வெயிலில் வேகும் ஊர் ஒன்றின் கதையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோ நாட்டில் காந்தோ என்னும் சிற்றூரில், அந்த ஊரிலேயே பிறந்த பிரான்சிஸ் கெரே 2001இல் ஒரு தொடக்கப்பள்ளியைக் கட்டி முடித்தார். செங்கல் சூளைக்குப் பதிலாக அழுத்திய மண் கற்கள். வகுப்பறைக் கூரைக்கு மேலே இடைவெளி விட்டு உயர்த்தி நிறுத்திய தகரம். அந்த இடைவெளி வழியே சூடான காற்று வெளியேறிவிடும். கல்லும் தண்ணீரும் சுமந்தவர்கள் ஊர் மக்களே. 2004இல் ஆகா கான் விருதும் 2022இல் பிரிட்ஸ்கர் பரிசும் அவரைத் தேடி வந்தன. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அந்த இடைவெளியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

நம் மாவட்டங்களின் கைச்சரக்கு கருங்கல். பாறையில் கோடு போட்டு, வரிசையாகக் குழி பறித்து, இரும்பு ஆப்புகளை இறக்கி, சம்மட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஓசை மாறியதும், கல் பிளந்துவிட்டது என்று பார்க்காமலே சொல்வார்கள். அப்படிப் பிளந்த பலகைகளைத் தூணாகவும் கூரையாகவும் வேலியாகவும் நிறுத்திய பழைய வீடுகள் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு கைவரைபடம்கூடக் கிடையாது. கட்டடக் கலை மாணவர்களின் தேசிய அமைப்பு, ஓர் இடத்தை அளந்து ஆவணப்படுத்தும் பணிக்கென்றே அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் பெயரில் ஒரு பரிசுக் கோப்பையை வழங்குகிறது. ஏதேனும் ஒரு கல்லூரியின் மாணவர்கள் அதற்காக நம் கல்வீடுகளை அளக்க வந்தால், தங்க இடமும் சாப்பாடும் நாமே ஏற்பாடு செய்து தரலாம்.

பழையதைப் பழுதுபார்ப்பதற்கும் விருது உண்டு. 2017இல் திருவரங்கம் அரங்கநாதர் கோயில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றபோது, தூர்ந்து கிடந்த பழைய மழைநீர் வடிகால்களை மீட்டதும் பாராட்டப்பட்டது. வடிகாலைப் பாராட்டும் விருது எனக்கு மிகுந்த மரியாதைக்குரியது. நகர வடிவமைப்பில் பாதி வேலை அதுதான்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். அக்டோபர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை உலக உறைவிட நாள். நம் இரு மாவட்டங்களின் பொறியாளர் சங்கங்களும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து, ஆண்டுதோறும் அந்நாளில் ஒரேயொரு விருது தரலாம். மூன்று ஆண்டுகளாவது புழக்கத்தில் இருந்த கட்டடமாக இருக்க வேண்டும். முதல் ஆண்டில் அங்கன்வாடிகளையும் பேருந்து நிழற்குடைகளையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். யாரும் படம் எடுத்துப் போட்டிக்கு அனுப்பாதவை அவை. நடுவர் குழுவில் ஒரு மேஸ்திரியும் ஓர் அங்கன்வாடிப் பணியாளரும் இருக்கட்டும். வைகாசியில் ஒருமுறை நண்பகலிலும், ஐப்பசியில் ஒருமுறை மழை பெய்துகொண்டிருக்கும்போதும் அவர்கள் நேரில் போய்ப் பார்க்கட்டும். நுழைவுக் கட்டணம் வேண்டாம். பரிசுப் பலகையில் வடிவமைத்தவர், மேஸ்திரி, கல் உடைத்தவர், கம்பி கட்டியவர் என எல்லாருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். விருப்பமுள்ள சங்கத்தினர் முன்வந்தால், விதிமுறைகளை எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

நன்றி. வணக்கம்.