ஐந்து உலகக் கோப்பைகளும் ஒரு மணிக்கட்டும்: நைஜீரியாவின் 17 வயதுக்குட்பட்டோர் அணி

[திரையில்: 1985, 1993, 2007, 2013, 2015]

வணக்கம். இந்த ஐந்து ஆண்டுகளிலும் 17 வயதுக்குட்பட்டோருக்கான கால்பந்து உலகக் கோப்பையைத் தட்டிச் சென்றது ஒரே நாடு, நைஜீரியா. பிரேசிலிடம் இருப்பவை நான்கு. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் தலா ஒன்று. அர்ஜென்டினா ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் இதே நைஜீரியாவின் சீனியர் அணி, உலகக் கோப்பையில் இதுவரை காலிறுதியை எட்டிப் பார்த்ததில்லை.

காரணம் கேட்டால் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "வயதை மறைத்து ஆடினார்கள்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஐந்து கோப்பைகளுக்கும் கணக்குத் தீர்க்க முடியாது.

[காட்சி: பெய்ஜிங் விளையாட்டரங்கம்]

முதல் போட்டி 1985-ல் சீனாவில் நடந்தது. அப்போது வயது வரம்பு 16. இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 2-0 என்று நைஜீரியா வீழ்த்தியது. ஃபிஃபா நடத்திய ஒரு போட்டியில் ஆப்பிரிக்க நாடு ஒன்று கோப்பை வென்றது அதுவே முதல்முறை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கனடாவில் மறுபடியும் இறுதிக்கு வந்தார்கள். பெனால்டியில் சோவியத் யூனியனிடம் தோற்றார்கள்.

அடுத்து வந்தது இடி. 1988 ஒலிம்பிக்கில் ஆடிய மூன்று வீரர்களின் பிறந்த தேதி, அவர்கள் முந்தைய போட்டிகளில் கொடுத்த தேதியோடு ஒத்துப்போகவில்லை. இளையோர் போட்டிகளில் நைஜீரியா ஆட ஃபிஃபா இரண்டு ஆண்டுகள் தடை விதித்தது. 1991-ல் அங்கே நடக்கவிருந்த உலக இளையோர் போட்டியும் கைநழுவிப் போர்ச்சுகலுக்குப் போனது.

தடை முடிந்து திரும்பிய வேகத்தில் 1993-ல் ஜப்பானில் கானாவை 2-1 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அந்த அணியில் இருந்தவர்கள் நுவான்க்வோ கனு, செலஸ்டின் பாபயாரோ, வில்சன் ஒருமா. மூன்றே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் இந்த மூவரும் இருந்தார்கள். அரையிறுதியில் பிரேசிலை வெளியே அனுப்பிய கோல் கனு அடித்தது. சிறுவர் அணி எதற்காக இருக்க வேண்டுமோ, அது அந்த ஒரு முறை அச்சுப் பிசகாமல் நடந்தது.

2007-ல் தென்கொரியாவில் நடந்ததோ வேறு கதை. இறுதியில் ஸ்பெயினைப் பெனால்டியில் 3-0 என்று வென்றார்கள். அதிக கோல் அடித்தவர் மெக்காலி கிறிஸாண்டஸ், ஏழு கோல்கள். தொடரின் சிறந்த வீரர் விருது மூன்றாம் இடம் பிடித்த ஜெர்மனியின் டோனி குரோஸுக்குப் போனது. குரோஸ் பின்னாளில் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். கிறிஸாண்டஸின் பெயரை இன்று தேடித்தான் நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்த அணியின் பயிற்சியாளர் யெமி டெல்லா, புற்றுநோயோடு போராடியபடியே அணியை நடத்தி, கோப்பை வென்ற சில வாரங்களிலேயே காலமானார்.

[காட்சி: மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. படம்]

இப்போது இந்தப் படத்தைப் பாருங்கள். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக இறங்கும் எலும்புக்கு ஆரை எலும்பு என்று பெயர். வளரும் வயதில் அதன் நுனிக்குக் கீழே குருத்தெலும்பால் ஆன ஒரு பட்டை இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி நிற்கும்போது அந்தப் பட்டை எலும்பாகி, நுனியும் தண்டும் ஒன்றாகிவிடும். 17 வயதுக்குள் அது முழுமையாக மூடிக்கொள்வது மிக மிக அரிது. ஆகவே படத்தில் பட்டையின் சுவடே இல்லையென்றால், கையில் எந்தச் சான்றிதழ் இருந்தாலும் அந்தப் பையனுக்கு இடமில்லை. எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு; அதனால்தான் எம்.ஆர்.ஐ. இந்தச் சோதனையை ஃபிஃபா இந்தப் போட்டியில் கொண்டுவந்தது 2009-ல். அந்த ஆண்டு போட்டியை நடத்திய நாடு எது தெரியுமா? நைஜீரியாவேதான்.

எல்லாப் பழியையும் பையன்கள்மேல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பிறந்த அன்றே பதிவு செய்யும் பழக்கம் பரவாத ஊர்களில், பின்னாளில் வாங்கும் சான்றிதழில் எந்த ஆண்டும் ஏறிவிடும். ஐரோப்பிய கிளப்பின் கண்ணில் பட ஒரே ஒரு வாய்ப்பு என்னும்போது, அந்த ஆண்டைக் குறைத்துப் போடச் சொல்லும் பெரியவர்கள் சுற்றிலும் இருப்பார்கள்.

2009 இறுதி அபுஜாவில். சொந்த ரசிகர்கள் முன்னால் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோல்வி. கோல் அடித்தவர் ஹாரிஸ் செஃபெரோவிச். அந்த சுவிஸ் அணியில் கிரானிட் ஷாகா, ரிக்கார்டோ ரோட்ரிகஸ் ஆகியோரும் இருந்தார்கள். இந்த மூவரும் பல ஆண்டுகள் சுவிஸ் சீனியர் அணியின் தூண்களாக நின்றார்கள். தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான நைஜீரியாவின் சானி இம்மானுவேலுக்கு அப்படியொரு பாதை அமையவில்லை.

"ஸ்கேன் வந்ததும் குட்டு வெளிப்பட்டது" என்று இங்கே கதையை முடிப்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. 2013-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடப்புச் சாம்பியன் மெக்சிகோவை முதல் ஆட்டத்தில் 6-1, இறுதியில் 3-0 என்று இருமுறை நசுக்கினார்கள். கெலேச்சி இஹெனாச்சோ சிறந்த வீரர். 2015-ல் சிலியில் மாலியை 2-0 என்று வென்று ஐந்தாவது கோப்பை. லாகோஸின் சாலை நெரிசலில் தண்ணீர்ப் பாக்கெட் விற்ற விக்டர் ஒசிம்ஹென் அந்தத் தொடரில் அடித்த கோல்கள் பத்து; முந்தைய சாதனை ஒன்பது. எட்டு ஆண்டுகளில் அவர் நாப்போலிக்கு இத்தாலிய லீக் பட்டத்தையும் வென்று கொடுத்து, ஆப்பிரிக்காவின் சிறந்த வீரராகவும் ஆனார். இந்த இரண்டு கோப்பைகளும் ஸ்கேன் வந்த பின் வென்றவை. திறமைக்குப் பஞ்சமே இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

பஞ்சம் வேறிடத்தில். 2016 ஆகஸ்டில், தகுதி ஆட்டம் நெருங்கும் வேளையில், தேர்வு முகாமிலிருந்த 26 பேர் ஸ்கேனில் தோற்றார்கள். அதை முன்பே வடிகட்ட ஓர் ஏற்பாடு இல்லை. அவசரமாகத் திரட்டிய அணி அண்டை நாடான நைஜரிடம் தோற்றது. 2017-ல் இந்தியாவில் நடந்த உலகக் கோப்பைக்காகக் கொச்சியில் வந்து ஆடியது அந்த நைஜர்தான். இரண்டுமுறை தொடர்ந்து சாம்பியனான அணி வீட்டில் இருந்தது.

2019-ல் பிரேசிலில் இரண்டாம் சுற்றில் நெதர்லாந்திடம் 1-3. 2023-ல் இடமில்லை. 2025-ல் கத்தாரில் போட்டியை 48 அணிகளாகப் பெருக்கி, ஆப்பிரிக்காவுக்கு மட்டும் பத்து இடங்கள் கொடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்க மண்டலத் தகுதிச் சுற்றோடு நைஜீரியா வெளியேறியிருந்ததால் அந்தப் பத்தில் அதன் பெயர் இல்லை.