அரை டாலர் ஊசி

நேயர்களுக்கு வணக்கம். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைப்பதற்காக அறக்கட்டளைகளும் பன்னாட்டு அமைப்புகளும் கைகோத்துச் செய்யும் பணியைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பொதுவாகப் பேசினால் பத்து நிமிடமும் நல்லெண்ணத்திலேயே கரைந்துவிடும் என்பதால், ஒரே ஒரு தடுப்பூசியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். மூளையுறை அழற்சி என்னும் நோயைத் தடுக்கும் அதன் பெயர் மென்ஆஃப்ரிவாக். நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அது உருவானது நம் நாட்டில், புனே நகரில்.

மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா வரை, சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஒரு பட்டைபோல் கிடக்கும் 26 நாடுகளை ‘மூளையுறை அழற்சிப் பட்டை’ என்று மருத்துவ உலகம் அழைக்கிறது. டிசம்பரில் வறண்ட காலம் தொடங்கியதும் ஹர்மத்தான் என்னும் புழுதிக்காற்று அங்கே வீசும். மூக்கும் தொண்டையும் வறண்டு புண்ணாகியிருக்கும் அந்த மாதங்களில்தான், தொண்டையில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த கிருமி இரத்தத்தில் இறங்கி மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும். காலையில் காய்ச்சல் என்று படுத்த பிள்ளைக்கு மாலைக்குள் கழுத்து விறைத்துவிடும். உரிய மருந்து கொடுத்தாலும் பத்தில் ஒருவர் இறப்பதுண்டு. பிழைப்பவர்களிலும் பலர் செவித்திறனை இழக்கிறார்கள். 1996, 97ஆம் ஆண்டுகளில் அந்தப் பட்டையில் பரவிய கொள்ளைநோய் ஏறத்தாழ 2,50,000 பேரைத் தாக்கி 25,000 பேரைக் கொன்றது. காரணம் பெரும்பாலும் இந்தக் கிருமியின் ‘ஏ’ வகை.

அப்போதும் ஒரு தடுப்பூசி இருந்தது. கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த ஊசி அது. சின்னஞ்சிறு குழந்தையின் உடல் சர்க்கரையைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது சரியாக வேலை செய்யவில்லை. பெரியவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் சில ஆண்டுகளில் தேய்ந்துபோனது. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் உடல் அதை மறக்காது. இந்த நுட்பம் பணக்கார நாடுகளில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தது. ஆப்பிரிக்காவின் ‘ஏ’ வகைக்கு மட்டும் அப்படி ஓர் ஊசியைச் செய்ய எவரும் முன்வரவில்லை, ஏனென்றால் வாங்கும் வசதியுள்ள எவருக்கும் அந்த நோய் வரவில்லை.

2001ஆம் ஆண்டு பில் மற்றும் மெலின்டா கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் நல்கையாகக் கொடுக்க, பாத் என்ற தொண்டு நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் இணைந்து ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. மருத்துவர் மார்க் லாஃபோர்ஸ் அதன் இயக்குநர். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது ஆய்வகத்தில் நடந்ததை அன்று. ஆய்வகத்துக்குள் நுழையுமுன் அவர்கள் கேட்ட கேள்வியை. “என்ன விலையென்றால் உங்களால் வாங்க முடியும்?” என்று ஆப்பிரிக்கச் சுகாதார அதிகாரிகளிடமே கேட்டார்கள். ஓர் ஊசி அரை டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது கிடைத்த பதில். மருந்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு விலை வைப்பதே வழக்கம். இங்கே விலை முதலில் முடிவாகி, மருந்து அந்த விலைக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

அந்த விலையைக் கேட்டதும் பெரிய மருந்து நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. ஆகவே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். சர்க்கரைப் பொருள் முதலில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. பிணைக்கும் நுட்பத்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டையும் பெற்று, தன்னிடம் இருந்த டெட்டனஸ் புரதத்தோடு சேர்த்து ஊசியாக்கிக் கொடுக்கப் புனேயின் சீரம் நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் மாலி, காம்பியா, செனகல், கானா ஆகிய நாடுகளிலும் சோதனைகள் நடந்தன. 2010 டிசம்பர் 6ஆம் நாள் புர்க்கினா ஃபாசோவில் நாடு தழுவிய முகாம் தொடங்கி, சில நாட்களிலேயே, ஒன்று முதல் 29 வயதுக்குட்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. அடுத்து சாட் நாட்டின் ஒரு பகுதியில் மட்டும் ஊசி போடப்பட்டிருந்த 2012ஆம் ஆண்டில், ஊசி போடாத பகுதிகளோடு ஒப்பிடுகையில் அங்கே நோய் 94 விழுக்காடு குறைவாக இருந்தது. தொண்டையில் கிருமியைச் சுமப்பவர்களும் அருகிப்போனதால், ஊசி போட்டுக்கொள்ளாதவருக்கும் பயன் கிடைத்தது.

இனி, தடுப்பூசிப் பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் ஐஸ் பேக் பற்றிச் சொல்ல வேண்டும். தடுப்பூசி முகாமுக்குப் போனவர்களுக்கு அது தெரியும். உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் அதைத் தூக்கிப் பெட்டியில் அடுக்கிவிடக் கூடாது. மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்கும்வரை வெளியில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சில தடுப்பூசிகள் உறைந்து வீணாகும். கிளம்பும் அவசரத்தில் அந்தப் பொறுமை பல நாள் எனக்கே இருந்ததில்லை. மின்சாரமே எட்டாத சிற்றூர்களுக்குப் பனிக்கட்டியைச் சுமந்து செல்வது எவ்வளவு பெரிய பாரம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. 2012இல் பெனின் நாட்டின் பனிகோவாரா மாவட்டத்தில் இந்த ஊசியை, 40 பாகை செல்சியஸைத் தாண்டாத வெப்பத்தில், நான்கு நாட்கள் வரை ஐஸ் இல்லாமலே எடுத்துச் செல்ல முதன்முறையாக அனுமதி கிடைத்தது. வெப்பம் எல்லை மீறினால் நிறம் மாறிக் காட்டும் அட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரு திட்டம் வெற்றி பெறுவதில் இத்தகைய சிறு விடுதலைகளுக்கு உள்ள பங்கு அறிக்கைகளில் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை.

அந்தப் பட்டையில் 2017க்குப் பிறகு ‘ஏ’ வகை நோயாளி ஒருவர்கூட உறுதிசெய்யப்படவில்லை. ஆனால் அதே 2017இல் நைஜீரியாவில் ‘சி’ வகை பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு வகையை மட்டும் குறிவைத்த மலிவு ஊசியின் எல்லை அங்கே தெரிந்தது. பாத் நிறுவனமும் சீரம் நிறுவனமும் மீண்டும் சேர்ந்து, பிரிட்டிஷ் அரசின் நிதியோடு, ஐந்து வகைகளைத் தடுக்கும் ஊசியை உருவாக்கின. 2024இல் நைஜீரியா அதை உலகிலேயே முதலாவதாகப் பயன்படுத்தத் தொடங்கியது.

ஐந்து சர்க்கரைகளைப் பிணைக்கும் வேலை என்பதால், இந்த ஊசி அரை டாலருக்குக் கிடைப்பதில்லை. வாங்கித் தரும் பொறுப்பு பெரும்பாலும் கேவி என்ற தடுப்பூசிக் கூட்டமைப்பின் மேல் விழுகிறது. அது 2000ஆம் ஆண்டில், கேட்ஸ் அறக்கட்டளையின் 75 கோடி டாலர் வாக்குறுதியைப் பின்பலமாகக் கொண்டு தோன்றியது. ஏழை நாடுகளும் சிறிதளவு பங்குத்தொகை கட்ட வேண்டும், வருமானம் கூடக்கூட அந்தப் பங்கும் கூட வேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதி என்றே சொல்வேன். 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் அடுத்த ஐந்தாண்டுக்காக 1,190 கோடி டாலர் திரட்ட அது முயன்றபோது, 900 கோடிக்குச் சற்று மேல்தான் வாக்குறுதியாகக் கிடைத்தது. அமெரிக்கா இனித் தர இயலாது என்று அறிவித்துவிட்டது. எந்த நாட்டுக்கு எந்த ஊசியைத் தள்ளிப்போடுவது என்ற கணக்கை இப்போது அவர்கள் போட வேண்டியிருக்கிறது. 2001இல் ஆப்பிரிக்க அதிகாரிகளிடம் கேட்ட அந்தக் கேள்வியை, இம்முறை கொடுப்பவர்களிடமும் கேட்டாக வேண்டும்.

நன்றி, வணக்கம்.