மூன்றாவது நாள், இரண்டு மணி நேரம்

(நாகர்கோவிலில், யாழ்ப்பாணம் புறப்படும் கல்லூரிக் கைப்பந்து அணிக்கு நடந்த வழியனுப்பு விழாவில் பேசியது)

முதல்வர் அவர்களுக்கும், பெற்றோருக்கும், நாளைக்கு வண்டி ஏறப்போகிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆட்டத்தைப் பற்றி உங்கள் கோச் எல்லாம் சொல்லியிருப்பார். கைப்பந்தை அங்கே கரப்பந்தாட்டம் என்பார்கள். 1991 முதல் அதுதான் இலங்கையின் தேசிய விளையாட்டு. ஆகவே சுலபமாக ஜெயிக்கலாம் என்று நினைத்துப் போக வேண்டாம்.

நான் பேச வந்தது வேறு. உங்கள் பயணத் திட்டத்தில் மூன்றாவது நாள், ‘சிறுவர் இல்லம், 2 மணி நேரம்’ என்று ஒரு வரி இருக்கிறது. நான் அப்படியொரு இல்லத்தில் வளர்ந்தவன், மக்களே.

குளச்சல் பக்கம் எங்கள் ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் அப்பாவைக் கொண்டுபோனது. அம்மா தலைச்சுமையாக மீன் விற்றார். மூன்று பிள்ளைகளுக்கும் அது போதவில்லை. 9 வயதில் என்னை இல்லத்தில் விட்டார். மாதம் ஒருமுறை வருவார், கை மீன் மணக்கும். பார்க்க வருகிறவர்கள் என்னிடம், “உனக்கு யாருமே இல்லையாப்பா?” என்று கேட்பார்கள். அம்மா இருக்கிறார் என்று சொன்னால் பிஸ்கட் கிடைக்காதோ என்று பயந்து தலையை ஆட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. இல்லத்தில் இருக்கிற பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு உண்டு. தயவுசெய்து அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள்.

ஒரு குழு வந்தது. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து வரிசையாக நிறுத்தினார்கள். படம் சரியாக விழவில்லை என்று திரும்ப வாங்கி, மறுபடியும் கொடுத்தார்கள். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். அங்கேயும் அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு குழு வந்தது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணி. திருவனந்தபுரத்தில் ஆடிவிட்டு, கன்னியாகுமரி பார்க்கப் போகிற வழியில் எங்களிடம் வந்தார்கள். நாங்கள் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து, ஒருவர் எதுவும் பேசாமல் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பின்னாலேயே மற்றவர்களும் கழற்றினார்கள். செம்மண்ணில் அந்த வெள்ளைக் கால்கள் ஐந்து நிமிடத்தில் எங்கள் கால்களின் நிறத்துக்கு வந்துவிட்டன. விட்டுக்கொடுத்து ஆடவில்லை. ஆடியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் 2 கோல் போட்டோம், அவர்கள் 7. மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும். முள் எடுக்கத் தெரியாமல் தவித்தவருக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இல்லத்தில் இருந்த காலத்தில் வந்தவர் ஒருவருக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான். இன்றைக்கு நான் விளையாட்டு ஆசிரியராக இருப்பதற்கு அந்த ஒரு நாளும் காரணம்.

ஆனால் கிளம்பும்போது அவர்களில் ஒருவர், அடுத்த வருஷம் வருவேன் என்றார். வார்டன் அதைத் தமிழில் சொன்னார். ஒரு வருஷம் முழுக்க, வெளியே வேன் சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு ஓடினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்பில்தான் சொன்னார்.

உங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், பிள்ளைகளே. நீங்கள் சொல்வது நேராக அந்தப் பிள்ளைகளின் காதில் விழும். நம் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘வாறேன்’ என்போம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அது பேச்சுவழக்கு. 9 வயதுப் பிள்ளை அதை வாக்காக எடுத்துக்கொள்ளும். ‘உங்களோடு ஆடியது சந்தோஷம்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். பேர் கேட்டால் சொல்லுங்கள், அவர்கள் பேரையும் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லியே பந்தைப் போடுங்கள்.

இன்னும் ஒன்று. அந்த அணி எங்களுக்கு ஒரு நல்ல பந்து தந்துவிட்டுப் போனது. மூன்றே வாரத்தில் காற்று இறங்கியது. காற்றடிக்கிற ஊசி எங்களிடம் இல்லை. கடைசிவரை அது கட்டிலுக்கு அடியில் சப்பிக் கிடந்தது. நேற்று வடசேரியில் ஒரு சின்ன பம்பும் 4 ஊசியும் வாங்கினேன். இந்தப் பையில் இருக்கிறது. கேப்டன், மேடைக்கு வந்து வாங்கிக்கொள், மக்களே.