தலையில் ஓணான் விழும் ஊர்! பனியே பார்க்காதவர்கள் ஊரில் பனி கொட்டினால்?

(காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, மார்கழி விடியற்காலை ஐந்தரை மணி. காந்தி சிலைக்குப் பின்னால் இன்னும் இருட்டு.)

2020 ஜனவரி 21-ஆம் தேதி அமெரிக்காவில் மயாமி வானிலை அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. புயல் எச்சரிக்கை இல்லை, மழை எச்சரிக்கையும் இல்லை. "இன்று இரவு மரத்திலிருந்து இகுவானா விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்!" நான் முதலில் யாரோ போட்டோஷாப் செய்து விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையான அறிவிப்பு அது.

இகுவானா என்பது நம் உடும்பு சைஸில் வளரும் ஒரு பச்சை ஓணான். அதன் உடம்புக்குச் சொந்தமாக ஹீட்டர் கிடையாது, வெளியே எவ்வளவு சூடோ உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவுதான். ராத்திரி கிளையில் படுத்துத் தூங்கும், குளிர் பத்து டிகிரிக்குக் கீழே நன்றாக இறங்கினால் தசை மரத்துப்போகும், பிடி நழுவும், தொப்பென்று விழும். பார்த்தால் செத்தது மாதிரியே கிடக்கும். காலையில் வெயில் பட்டதும் பல எழுந்து அது பாட்டுக்குப் போய்விடும். பாவமே என்று தூக்கி வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்று அங்கே அதிகாரிகள் தனியாகச் சொல்கிறார்கள், ஏனென்றால் சோபாவில் சூடு ஏறி எழுந்தால் அதற்கு உங்கள் கருணையெல்லாம் தெரியாது, பற்களும் வாலும்தான் தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு நெடுநல்வாடை ஞாபகம் வந்தது. ஸ்கூலில் நடத்தினார்களே, வாடைக் காற்று வீசும், மாடு மேய மறந்துவிடும், குரங்கு கூனிக் குறுகும், மரத்தில் இருந்த பறவைகள் கீழே விழும் என்று. மாடு மேய்ப்பவர்கள் கையில் கொள்ளிக்கட்டையோடு கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குவார்கள். புலவர் ஓவராகப் போகிறார் என்று அப்போது பெஞ்சில் சிரித்தோம். பறவை வெப்ப ரத்தப் பிராணி, அவ்வளவு சுலபமாக விழாது, அது வேறு விஷயம். நக்கீரர் மட்டும் பறவைக்குப் பதில் ஓணானைப் போட்டிருந்தால் அறிவியலில் நூற்றுக்கு நூறு.

சரி, வணக்கம் மக்களே. இப்போது என் போனில் 22 டிகிரி காட்டுகிறது. என் பின்னால் வாக்கிங் போகும் அண்ணன்களைப் பாருங்கள், மூன்று பேர் மங்கி கேப், ஒருவர் மஃப்ளர், ஒருவர் பழைய ரெயின்கோட். பாரீஸிலிருந்து பொங்கலுக்கு வந்திருக்கும் என் அத்தை மகன் இதே பீச்சில் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிறான். அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தான், குருசுக்குப்பம். போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது.

ஏன் இப்படி? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போரடிக்கும் பகுதி இது. வெயில் ஊரில் இருக்கும் உடம்பு சீக்கிரம் வியர்க்கப் பழகியிருக்கும், குளிரில் அடிக்கடி நிற்கும் உடம்பு நடுக்கத்தைக் குறைத்துக்கொள்ளப் பழகும். ஊர் மாறினால் பழக்கமும் மெல்ல மாறும். அதனால் 22 டிகிரியில் நமக்குக் குளிர்வது நடிப்பு இல்லை. அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

ஒரு சின்ன சிக்கல் மட்டும். நம் மொழியில் இலையில் இருக்கும் துளியும் பனி, காலையில் ரோட்டை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. அத்தை மகன் முதல் வருஷம் பாரீஸிலிருந்து போன் செய்து "இங்க செம பனி" என்றான். எங்கள் பாட்டி சொன்ன பதில்: "தலையில ஒரு துண்டப் போட்டுக்கிட்டு வெளிய போடா." தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி வளர்ந்த தலைமுறை, மயிலுக்கே போர்வை கொடுத்த பேகன் பரம்பரை வேறு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். பெயரைக் கேட்டால் தூரத்து ஊர், ஆனால் நமக்கு அது தங்கச்சி ஊர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் வைத்தது 1674, நியூ ஆர்லியன்ஸை உருவாக்கியது 1718, ஆகவே நாம்தான் மூத்தவர்கள். அங்கும் பிரெஞ்சுப் பெயர் வைத்த தெருக்கள், இரும்புக் கம்பி பால்கனி, உயரமான கூரை, புழுக்கம், புயல், தெருவில் தண்ணீர். சனிக்கிழமை ராத்திரி வெளியூர்க்காரர்கள் வந்து குடித்துவிட்டுத் தெருவில் நடப்பது உட்பட எல்லாம் பொருந்துகிறது.

அந்த ஊரில் 2025 ஜனவரி 21-ஆம் தேதி ஒரே நாளில் 8 அங்குலம் பனி கொட்டியது. 20 சென்டிமீட்டர்! விமான நிலையம் முடங்கியது, நெடுஞ்சாலையை மூடினார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே வந்துவிட்டார்கள். அட்டைப் பெட்டி, துணிக்கூடை, கையில் கிடைத்ததில் எல்லாம் உட்கார்ந்து ஆற்றங்கரை மேட்டிலிருந்து சறுக்கினார்கள், கன்னியாஸ்திரீகள் பனி உருண்டை எறிந்து சண்டை போட்டார்கள். அந்த வீடியோவை நான் நாலு தடவை பார்த்தேன்.

நியூ ஆர்லியன்ஸ் 30 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, டெல்லிக்கும் கொஞ்சம் வடக்கே. அதோடு வடதுருவக் குளிர் காற்றுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் குறுக்காக ஒரு மலைத்தொடர் கிடையாது, கனடாவிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நமக்கு வடக்கே இமயமலை காம்பவுண்டு சுவர் மாதிரி நிற்கிறது. நாம் இருப்பது 12 டிகிரியில், பக்கத்தில் வெதுவெதுப்பான வங்கக்கடல். ஆகவே புதுச்சேரியில் பனி பெய்யாது, யாரும் ஜெர்கின் வாங்க ஓட வேண்டாம்.

ஆனால் கற்பனைக்குக் காசா? நேரு வீதியில் 20 சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நம் முற்றம் வைத்த வீடுகள். சூடு மேலே போகட்டும் என்று கட்டிய வீடு, நடுவில் வானம் பார்த்த ஓட்டை. வீட்டுக்குள்ளேயே பனி பெய்யும், தாழ்வாரத்தில் ஈசிசேர் போட்டு வேடிக்கை பார்க்கலாம். அப்புறம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, சுவருக்கு வெளியே ஓடும் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், குழாய்க்குள் இடம் ஏது? வெடிக்கும். பனி உருகும் வரை வெடித்தது தெரியாது, உருகிய பிறகுதான் சுவரெல்லாம் அருவி. பிளம்பர் அண்ணன் போனை எடுக்க மாட்டார், அவர் மழைக்கே எடுப்பதில்லை.

எனக்குத் தூக்கம் வராத கேள்வி வேறு ஒன்று. மார்கழியில் பனி பெய்தால் கோலம் எப்படிப் போடுவார்கள்? வெள்ளையில் வெள்ளை மாவு. கலர் கோலம் மட்டும்தான் போட முடியும், பூசணிப் பூ வைத்தால் அது மட்டும் மஞ்சளாகத் தெரியும். அம்மாவிடம் கேட்டேன். "பனிய வாரி அள்ளிட்டு சாணி தெளிச்சிட்டுப் போடுவோம்" என்றார்கள், ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்டுக் கமென்டில் போடுங்கள், சிறந்த பதிலை அடுத்த வீடியோவில் படிக்கிறேன். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் இந்த இடத்தில் செய்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

சிரித்தது போதும், கொஞ்சம் சீரியஸ். 2014 ஜனவரி 28, அமெரிக்காவின் அட்லாண்டா. பெய்தது சுமார் ஆறரை சென்டிமீட்டர், கனடாக்காரர்களுக்கு அது தூசி. மதியம் ஸ்கூல், ஆபீஸ், அரசு அலுவலகம் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விட்டார்கள், எல்லாரும் ஒன்றாக ரோட்டுக்கு வந்தார்கள். டயர் மிதித்த பனி உருகி மறுபடி கண்ணாடியாக உறைந்தது. பனியை உருக்க உப்புத் தூவ வேண்டிய லாரியும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ராத்திரி ஸ்கூலிலேயே தூங்கினார்கள், நெடுஞ்சாலையில் நின்ற காரில் ஒரு குழந்தை பிறந்தது. உலகமே சிரித்தது.

நானும் ஒரு தடவை இப்படிச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். 2024 ஏப்ரலில் துபாயில் மழை, விமான நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 14 சென்டிமீட்டர். கடலூரில் இருந்து போய் அங்கே டிரைவராக இருக்கும் என் நண்பனுக்கு வாய்ஸ் அனுப்பினேன்: "ஏன் மாப்ள, பதினாலு சென்டிமீட்டருக்கா கார் மிதக்குது? நம்ம மஞ்சக்குப்பத்துல அந்த மழைக்கு டீக்கடை கூட மூட மாட்டாங்களேடா!" அவன் பொறுமையாகப் பதில் போட்டான். வருஷம் பூராவும் அவ்வளவு பெய்யாத ஊரில் எவன்டா வடிகால் கட்டுவான் என்று. அதே வருஷம் நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர். கிருஷ்ணா நகரில் ஆட்களை மீட்க ராணுவம் வந்தது. நண்பனின் வாய்ஸ் வந்தது, வெறும் சிரிப்பு, பதினோரு விநாடி.

பனி அள்ளும் வண்டியை இருபது வருஷத்துக்கு ஒரு நாள் வேலைக்காக எந்த நகராட்சி வாங்கி வைக்கும்? நாம் இருந்தாலும் அந்தக் காசில் ரோடு போடச் சொல்லித்தான் சண்டை போட்டிருப்போம். ஆனால் டெக்சாஸ் கதையில் எனக்கு இவ்வளவு இரக்கம் வராது. 2021 பிப்ரவரி, மின்சாரம் தயாரிக்கும் எரிவாயுக் கிணறும் குழாயும் உறைந்தன, வீடுகளில் எல்லாரும் ஹீட்டரைப் போட்டார்கள், 45 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி தாமதித்திருந்தால் மாநில மின்தொகுப்பு முழுவதும் சரிந்திருக்கும். அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். பத்து வருஷம் முன்பு, 2011-இலும் இதே மாதிரி குளிர் அடித்து, இயந்திரங்களைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று அறிக்கையும் வந்திருந்தது. தெரிந்தும் விட்டதற்குப் பெயர் அனுபவக் குறைவு இல்லை.

அங்கே பலர் குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து கார்பன் மோனாக்சைடில் மாட்டினார்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஊட்டி, கொடைக்கானல் ரூமில் அடுப்புக் கரியைப் பற்றவைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கியவர்கள் எழவே இல்லை என்ற செய்தி நம் பேப்பரிலும் வருகிறது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். டூர் போகிறீர்கள் என்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள், கரி கேட்காதீர்கள்.

ஊட்டி என்றதும் ஹாங்காங். 2016 ஜனவரி 24, அங்கே 3.1 டிகிரி, 59 வருஷத்தில் இல்லாத குளிர். ஜனங்கள் வீட்டுக்குள் இருந்தார்களா? உறைபனியைப் பார்க்க 957 மீட்டர் உயர மலைக்குக் கூட்டமாக ஏறி, வழுக்கி, இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். மீட்கப் போன தீயணைப்பு வீரர்களும் வழுக்கி விழுந்தார்கள். கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. மூன்று வருஷம் முன்பு ஜனவரியில், விடியற்காலை நாலு மணிக்கு நாங்கள் எட்டுப் பேர் ஊட்டி பக்கத்தில் இருக்கும் தலைகுந்தா போய், புல் மேல் படிந்திருந்த உப்புத் தூள் மாதிரி உறைபனியை விரலால் தொட்டு, கார் கண்ணாடியில் சுரண்டி, ஒரு சின்ன உருண்டை பிடித்து அதை போட்டோ எடுப்பதற்குள் அது உருகி, மறுபடி சுரண்டினோம். பக்கத்துக் காரும் புதுச்சேரி வண்டி, அவர்களும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே கனடா.

(காட்சி: சூரியன் கடல் மேலே வருகிறது. மங்கி கேப் அண்ணன்கள் கேப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் வைக்கிறார்கள்.)

மணி ஆறே முக்கால், 24 டிகிரி. அத்தை மகன் ஓடி முடித்து வந்துவிட்டான், சுக்கு காபி வேண்டுமாம். தும்முகிறான் மக்களே. கேமராவை அவன் பக்கம் திருப்புங்கள், திருப்புங்கள்.