காஞ்சனபுரி: பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் இருக்கிறது காஞ்சனபுரி. பாங்காக் போகும் நம்மவர்கள் பலர் காலையில் வேனில் வந்து, குவே யாய் ஆற்று ரயில்பாலத்தில் நின்று படம் எடுத்து, அருவியில் கால் நனைத்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். தமிழர்கள் அப்படி அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகக் கூடாத ஊர் இது. குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள்.

1942-இல் ஜப்பானிய இராணுவம் தாய்லாந்தின் நோங் பிளாதுக்கிலிருந்து பர்மாவின் தான்பூசாயாத் வரை, காஞ்சனபுரி வழியாக 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கியது. கடல்வழியே பர்மாவுக்குத் தளவாடங்கள் அனுப்புவது நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்தாகிவிட்டது. அதனால்தான் இந்த அவசரம். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல்; அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இந்தக் கணக்கு உலகத்துக்குத் தெரியும். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், அவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள். கூலி உண்டு, சாப்பாடு உண்டு, சில மாதத்தில் வீடு திரும்பலாம் என்று ஆசை காட்டி அழைத்துப் போனவர்களும் உண்டு. பிடித்து ஏற்றிச் செல்லப்பட்டவர்களும் உண்டு. கைதிகளின் முகாம்களில் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாக மக்கள் மடிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள்.

முதல் நாளை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போக வேண்டிய இடம் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம். வரைபடமும் மாதிரி வடிவங்களும் பார்த்துவிட்டால், அடுத்த இரண்டு நாளில் பார்க்கப்போவது எல்லாம் விளங்கும். அதை ஒட்டியே போர்க் கல்லறைத் தோட்டம். போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அங்கே அடக்கம். வரிசை வரிசையாகக் கற்கள், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. நம் தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் எங்குமே கிடையாது. அதனால் அருகிலேயே உள்ள வாட் தாவோர்ன் என்ற பௌத்தக் கோயிலுக்கும் நடந்து போங்கள். பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளை வைத்துக் கட்டிய நினைவிடம் அங்கே இருக்கிறது. மலேசியத் தமிழர்களின் முயற்சியால் 2023-இல் அங்கு ஒரு நடுகல்லும் நிறுவப்பட்டது. சுற்றுலா வேன்கள் இங்கே நிற்பதில்லை. நீங்களாகத்தான் கேட்டுப் போக வேண்டும்.

மாலை வெயில் தணிந்ததும் பாலம். ஊர் மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்களைக் கவனியுங்கள்; அவை ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் கோண வடிவத்தில் இருக்கும் இரண்டும், விமானக் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் போடப்பட்டவை. ரயில் இன்னும் ஓடும் பாலம் இது. வண்டி மெதுவாகத்தான் வரும். சத்தம் கேட்டதும் ஓடாமல், இடையிடையே இருக்கும் ஒதுங்கு மேடையில் நின்றுவிடுங்கள். பாலத்துக்குப் பக்கத்திலேயே ஜப்பானிய இராணுவம் 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர்க் கல்வெட்டுகளில் தமிழும் உண்டு. வேலை வாங்கியவர்களே வைத்த கல் அது. அதில் தமிழ் இருப்பதே, எத்தனை தமிழர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இரண்டாம் நாள் திட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ரயில்பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாயையும் எரவான் அருவியையும் ஒரே நாளில் பேருந்தில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். கணவாய் குவே நோய் ஆற்றுப் பக்கம், 323-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர். எரவான் குவே யாய் ஆற்றுப் பக்கம், வேறு சாலையில் சுமார் 65 கிலோமீட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, பேருந்தை நம்பினால் ஊருக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். தனி வாடகை வண்டி இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கணவாய்க்குக் காலையிலேயே கிளம்புங்கள். தோங் பா பூம், சங்க்லாபுரி போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகும். நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஒலி வழிகாட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து படிகளில் இறங்கினால், சுத்தியலும் துளைக்கம்பியும் வெடிமருந்தும் கொண்டு வெட்டிய பாறைப் பிளவு. 1943-இல் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி நெருக்கியபோது, இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வெட்டினார்கள். பாறையில் துளைத் தடங்கள் இன்றும் தெரிகின்றன. ஒரு துளையில் முறிந்த கம்பியும் சிக்கியிருக்கிறது. பாதை முழுதும் ஜல்லிக்கல், செருப்பு உதவாது. திரும்பும் ஏற்றம்தான் கடினம். முழங்கால் வலி உள்ளவர்கள் பிளவு வரை போய்த் திரும்பினால் போதும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

பேருந்தில் திரும்பும்போது ‘நாம் தோக்’ என்ற ரயில் நிலையத்தில் இறங்கி, பிற்பகல் ரயிலைப் பிடியுங்கள். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். நேரத்தை முந்தின நாளே காஞ்சனபுரி நிலையத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள், தாமதத்துக்கும் இடம் விடுங்கள். ஊர் திரும்பும் வண்டியில் வலப்பக்கம் உட்காருங்கள். தாம் கிராசே அருகே, பாறையைத் தழுவி ஆற்றின் மேல் கட்டிய மரப்பாலத்தில் வண்டி நடைவேகத்தில் ஊர்ந்து போகும். ஆறு அந்தப் பக்கம்தான். பாங்காக்கிலிருந்தே ரயிலில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வண்டி தோன்புரி நிலையத்திலிருந்து புறப்படுகிறது. பெரிய மத்திய நிலையத்துக்குப் போய் நின்று வண்டியைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் எரவான். ஏழு தட்டுகளாக விழும் அருவி. சுண்ணாம்புக் கரைசல் படிந்து படிந்து உருவான குளங்கள், அதனால்தான் அந்த இளம்பச்சை நிறம். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை தண்ணீர் நன்றாக இருக்கும். கனமழை பெய்த மறுநாள் கலங்கிவிடும், ஏப்ரலில் குறைந்துவிடும். காலை முதல் பேருந்தில் போய், குளிக்காமல் நேரே ஏழாம் தட்டுக்கு ஏறிவிட்டு, இறங்கும்போது ஒவ்வொரு குளமாகக் குளியுங்கள். பிற்பகலில் மேல் தட்டுகளைத்தான் முதலில் மூடுகிறார்கள். கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே போக முடியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இரண்டாம் தட்டுக்கு மேல் சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோக விடமாட்டார்கள். குளத்து மீன்கள் காலைக் கொத்தும். பயப்பட ஒன்றுமில்லை, காலை அசைத்துக்கொண்டிருந்தால் விலகிவிடும். குரங்குகள் பையைத் தூக்கிக்கொண்டு போகும், அதனால் கடவுச்சீட்டைப் பையில் விடாதீர்கள். திரும்பும் கடைசிப் பேருந்து மாலை நான்கு மணி அளவில். இறங்கும்போதே ஓட்டுநரிடம் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் வாடகை வண்டிக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.